அடி படவில்லை, ஆனால் ஆள் செத்துவிட்டான்

2024 செப்டம்பரில் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதையாட்டத்தின் ஆட்டக்காரர் கையேட்டில், ஆயுதங்கள் பகுதியில், ‘கிரேஸ்’, அதாவது உரசல், என்று ஒரு குட்டி விதி இருக்கிறது. பெரிய இருகை வாளான கிரேட்ஸ்வேர்டோ, நீளக் கழியில் கத்தி பொருத்திய கிளேவோ வைத்திருக்கும் வீரர் வீசுகிறார், குறி தவறுகிறது. தவறினாலும் எதிரிக்குக் கொஞ்சம் சேதம் உண்டு. வீரரின் வலிமைக்கு என்ன கூட்டல் எண்ணோ அவ்வளவு சேதம்: மூன்று, நான்கு, பெரும்பாலும் அதிகம் போனால் ஐந்து. விதி முடிந்தது. புத்தகம் வந்தபோது இதைப் பற்றிப் பெரிதாக யாரும் வாய் திறக்கவில்லை.

இதே விதிக்காக அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் ஆட்டக்காரர்கள் மாதக்கணக்கில் சண்டை போட்டார்கள். “இது வந்தால் இந்த ஆட்டத்தை இனி தொடமாட்டேன்” என்று சொன்னவர்கள் உண்டு. எங்கள் குழுவிலேயே ஒருவர் இருந்தார். இப்போதும் இருக்கிறார், இன்னும் அதே கருத்தோடு.

விதிகளைத் திருத்தும்போது ஆட்டக்காரர்கள் ஏன் கொதிக்கிறார்கள் என்று பொதுவாகப் பேசினால் ‘மனிதர்களுக்கு மாற்றம் பிடிக்காது’ என்று ஒரு சப்பைப் பதில்தான் கிடைக்கும். இந்த ஒரே ஒரு விதி போன பாதையைப் பார்த்தால் வேறு ஏதோ கிடைக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் அதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துபவர், டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். பேசியே கதையை நகர்த்துகிறோம். முடிவு சந்தேகமாக இருக்கும் இடத்தில் பகடையை உருட்டுகிறோம். சண்டையில் இருபது முகப் பகடை. உருட்டி வந்த எண்ணோடு கூட்டல்களைச் சேர்த்து, எதிரியின் ஆர்மர் கிளாஸ் என்ற தற்காப்பு எண்ணை எட்டினால் அடி விழுந்தது, எட்டாவிட்டால் விழவில்லை. விழுந்தால் வேறு பகடை உருட்டிச் சேதத்தைக் கணக்கிட்டு, எதிரியின் ஹிட் பாயிண்டிலிருந்து கழிக்க வேண்டும். பூஜ்யம் ஆனால் ஆள் காலி. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் முதல் பதிப்பை வெளியிட்டதிலிருந்து கணக்குப் போடும் முறை பலமுறை மாறியிருக்கிறது. ஆனால் தவறினால் ஒன்றும் கிடையாது என்பது எல்லார் ரத்தத்திலும் ஊறிய விஷயம்.

ஊறியது என்று சொன்னாலும் ஆட்டத்துக்குள் அதற்கு விதிவிலக்கு ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. மந்திரவாதி தீயுருண்டை வீசினால் அதில் சிக்கியவர் தப்பிக்க ஒரு பகடை உருட்டலாம். தப்பித்துவிட்டால்? பாதிச் சேதம். சுழியம் இல்லை, பாதி. ஐம்பது வருடமாக இதை யாரும் கேள்வி கேட்டதில்லை. தீ பரவும், பக்கத்தில் நின்றாலும் சுடும், சரி என்று விட்டுவிடுகிறோம். வாள் விஷயத்தில் மட்டும் மனசு கேட்பதில்லை.

இந்த இடத்தில்தான் ஹிட் பாயிண்ட் என்றால் என்ன என்ற பழைய வழக்கு வந்து நிற்கும். அது உடம்பில் இருக்கும் ரத்தமும் சதையுமா? அப்படியென்றால் பத்தாம் நிலை வீரர் எப்படி இருபது வாள்வெட்டு வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறார்? 1979-ல் வந்த டன்ஜன் மாஸ்டர் கையேட்டில் கைகாக்ஸ் இதற்குப் பதில் எழுதியிருக்கிறார்: ஹிட் பாயிண்டில் உடல் வலு ஒரு பங்குதான், மீதி திறமை, அதிர்ஷ்டம், தெய்வ அருள் எல்லாம் கலந்தது. அப்படிப் பார்த்தால் குறி தவறிய வீச்சும் எதிரியைத் திணறடிக்கலாம், களைக்க வைக்கலாம், அதிர்ஷ்டத்தைக் கொஞ்சம் கரைக்கலாம். தர்க்கப்படி கிரேஸ் விதியில் தப்பே இல்லை. ஆனால் மேசையில் உட்கார்ந்திருக்கும்போது யார் அப்படி நினைக்கிறார்கள்? “ஏழு சேதம்” என்று டிஎம் சொன்னதும் எல்லார் கண் முன்னாலும் தெறிப்பது ரத்தம்தான். கைகாக்ஸின் விளக்கம் சண்டை முடிந்த பிறகு வாதாடுவதற்கு மட்டும் உதவும்.

இந்த விதி முதலில் வந்தது 2008-ல், நான்காம் பதிப்பில். ஃபைட்டர் என்ற போர்வீரருக்கு நினைத்தபோதெல்லாம் பயன்படுத்தக்கூடிய தாக்குதல்களில் ‘ரீப்பிங் ஸ்ட்ரைக்’ ஒன்று. தவறினாலும் வலிமையில் பாதி. இரு கை ஆயுதம் என்றால் முழுசாக. ஆனால் அப்போது இதற்கு மட்டும் தனியாக யாரும் கோபப்படவில்லை. கோபப்பட இன்னும் பெரிய விஷயங்கள் வரிசை கட்டி நின்றன.

நான்காம் பதிப்பு என்னதான் செய்தது? ஒவ்வொரு பாத்திரத்துக்கும் திறன்களை ஒரே அச்சில் வார்த்தது. எப்போதும் பயன்படுத்துவது, ஒரு மோதலுக்கு ஒரு முறை, ஒரு நாளுக்கு ஒரு முறை. ஃபைட்டரும் மந்திரவாதியான விஸார்டும் ஒரே மாதிரிச் சட்டகத்துக்குள் வந்தார்கள். கட்டம் போட்ட பலகை இல்லாமல் ஆடுவது கஷ்டமானது. முதல் கையேட்டில், எடுத்து ஆடும் இனங்களில் நோம் இல்லை, அரை ஆர்க் இல்லை; வகுப்புகளில், அதாவது பாத்திர வகைகளில், பார்ட் இல்லை, ட்ரூயிட் இல்லை. எல்லாரும் 2009-ல் வந்த இரண்டாம் கையேட்டில்தான் திரும்பி வந்தார்கள். பல வருடமாக ட்ரூயிட் ஆடிவந்த ஒருவரிடம் “அடுத்த புத்தகத்தில் உன் பாத்திரம் வரும், அதையும் வாங்கிக்கொள்” என்று சொன்னால் எப்படி இருக்கும்? வார்லார்ட் என்று புதிதாக ஒரு வகுப்பு வந்தது. அவர் மந்திரம் எதுவும் செய்யாமல் ஊக்கமாக ஒரு வார்த்தை சொன்னால் தோழனின் ஹிட் பாயிண்ட் ஏறும். “சத்தம் போட்டே காயத்தை ஆற்றுகிறான்” என்று கிண்டல். மறுபடியும் அதே ஹிட் பாயிண்ட் வழக்கு.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதற்கு முன் பல வருடங்களாகத் தவறாத மேஜிக் மிஸைல் மந்திரத்துக்கு நான்காம் பதிப்பில் பகடை உருட்ட வேண்டியிருந்தது, அதாவது தவறலாம். அதற்கும் புலம்பல். 2010-ல் திருத்தம் போட்டுப் பழையபடி தவறாத மந்திரமாக்கினார்கள். மந்திரவாதியின் அம்பு தவறினால் கோபம், வீரனின் வாள் தவறியும் பட்டால் கோபம். இதில் யாருக்கு என்ன நியாயம் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மந்திரவாதிக்கு உலக விதிகளை மீற உரிமை உண்டு, வீரன் மட்டும் நம்மைப் போல இயற்பியலுக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற எண்ணம் இந்த ஆட்டக்காரர்களிடம் ஆழமாக இருக்கிறது. என்னிடமும் இருந்தது. நல்ல விதிகள் பலவற்றை இந்த எண்ணம்தான் கொன்றிருக்கிறது என்பது என் கட்சி.

விளைவு எல்லாருக்கும் தெரிந்ததே. பைஸோ என்ற சிறிய நிறுவனம், நான்காம் பதிப்புக்கு முந்தைய 3.5 பதிப்பின் விதிகளை, மற்றவர்களும் பயன்படுத்த அனுமதித்த அதன் திறந்த உரிமத்தைக் கொண்டே எடுத்துச் செப்பனிட்டு, 2009 ஆகஸ்டில் பாத்ஃபைண்டர் என்று வெளியிட்டது. பழைய ஆட்டத்தைக் கைவிட மனமில்லாதவர்கள் அங்கே போனார்கள். எங்கள் குழுவும் கொஞ்ச காலம் அங்கேதான் குடியிருந்தது. பிடிக்கவில்லை என்று ஆட்டக்காரர்கள் வெறுமனே முணுமுணுத்தால் பதிப்பகத்துக்குக் கவலை இல்லை. முணுமுணுப்பவர்கள் போய் உட்கார இன்னொரு திண்ணை இருக்கும்போதுதான் கவலை வருகிறது. அதன் பிறகு, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் எடுத்த எந்த முடிவிலும் இந்தப் பயத்தின் தடயம் இருக்கிறது.

2012 ஜனவரியில் அடுத்த பதிப்பை அறிவித்தபோது, இந்த முறை உங்களைக் கேட்டுத்தான் செய்வோம் என்றார்கள். மே மாதம் முதல் பரிசோதனைத் தொகுப்பு வந்தது. 1,75,000 பேருக்கு மேல் பரிசோதித்துப் பார்த்ததாக அந்தப் பதிப்பின் கையேட்டிலேயே நன்றி போட்டிருக்கிறார்கள். முதல் தொகுப்பில் தயாராகக் கொடுத்திருந்த ஃபைட்டர் பாத்திரத்திடம் அதே திறன், இப்போது ‘ரீப்பர்’ என்ற பெயரில்: தவறினாலும் சேதம்.

இந்த முறை தப்பிக்கவில்லை. நான்காம் பதிப்பின் மற்றவை பெரும்பாலும் போய்விட்டிருந்தன; கண்ணில் பட எஞ்சியது இது ஒன்றுதான் என்பதால் மொத்தக் கோபமும் இதன் தலையில் இறங்கியது. அடுத்தடுத்த தொகுப்புகளில் பெயர் மாறியது, இடம் மாறியது. கடைசியில் இரு கை ஆயுதம் பிடிப்பவரின் சண்டைப் பாணியாக வந்து நின்றது. எதிர்ப்பும் பின்னாலேயே வந்தது. தவறியவன் எப்படிக் கொல்வான்? தூங்குகிறவனைப் பார்த்து வீசித் தவறினாலும் சாவானா? அப்படியென்றால் ஓட்டை வாளியைக் கண்ணை மூடிக்கொண்டு வீசினாலும் எலி சாகுமா? மறுபக்கம்: தீயுருண்டைக்கு என்ன சொல்கிறீர்கள்? ஒரு சுற்றில் ஒரே ஒரு வெட்டுத்தானா, பல வெட்டுகளின் தொகுப்புதானே ஒரு உருட்டல்? இரண்டு பக்கமும் புத்திசாலித்தனமான வாதங்கள். ஒருவர்கூட மனம் மாறியதாக எனக்கு நினைவில்லை.

2014 ஆகஸ்டில் ஐந்தாம் பதிப்பின் கையேடு வந்தபோது அந்த விதி இல்லை. அதற்குப் பதில், இரு கை ஆயுதத்தின் சேதப் பகடையில் ஒன்றோ இரண்டோ விழுந்தால் மறுபடி உருட்டிக்கொள்ளலாம் என்று வைத்தார்கள்.

இப்போது கொஞ்சம் கணக்கு. கிரேட்ஸ்வேர்டுக்கு இரண்டு ஆறுமுகப் பகடை, சராசரி 7. ஒன்று இரண்டை மறுபடி உருட்டினால் சராசரி 8.33 ஆகிறது, அதாவது ஒவ்வொரு வெற்றி அடிக்கும் 1.33 கூடுதல். நூற்றுக்கு 65 முறை அடி விழும் என்று வைத்தால், ஒரு வீச்சுக்குச் சராசரியாக 0.87 லாபம். கைவிடப்பட்ட விதியில், வலிமைக் கூட்டல் 3 உள்ள வீரருக்கு, தவறும் 35 முறைக்குத் தலா 3. ஒரு வீச்சுக்கு 1.05. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு ஹிட் பாயிண்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்காகத்தான் இத்தனை பேர் இத்தனை மாதம் மல்லுக்கட்டினார்கள்.

ஆகவே இது வலிமை பற்றிய சண்டை இல்லை. மறு உருட்டல் என்பது சேதக் கணக்குக்குள்ளே நடக்கும் சமாச்சாரம். கதையில் அதற்கு முகமே கிடையாது. தவறிய அடியின் சேதம் அப்படி இல்லை. டிஎம் வாயைத் திறந்து ஏதாவது சொல்லியாக வேண்டும். அந்த நொடியில் மேசையில் இருக்கும் ஐந்து பேர் மனதில் ஓடும் படமும் ஒத்துப்போக வேண்டும். ஒரு விதி எவ்வளவு சேதம் தருகிறது என்பதைவிட, அது டிஎம்மை என்ன பேச வைக்கிறது என்பதற்கே ஆட்டக்காரர்கள் அதிகம் கொதிக்கிறார்கள். வடிவமைப்பாளர்கள் எக்செல் தாளில் இதைப் பிடிக்க முடியாது.

எங்கள் குழு சென்னை, சிங்கப்பூர், டொராண்டோ என்று சிதறிக் கிடக்கிறது; வார இறுதியில் இணைய அழைப்பில் கூடுகிறோம், பெரும்பாலும் நான்தான் டிஎம். அந்த 2012 தொகுப்பை நாங்களும் ஆடிப் பார்த்தோம். ரீப்பர் வைத்திருந்த ஃபைட்டர் வீசினார், தவறியது, எதிரே நின்ற கோபோல்ட் என்ற குட்டி அரக்கனுக்கு இருந்ததே இரண்டு ஹிட் பாயிண்ட், செத்தது. குழுவிலேயே மூத்தவர், நாங்கள் எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடுபவர், கேட்டார்: “தவறிடுச்சுன்னு நீதானேடா சொன்ன? அப்புறம் அது எதுக்குச் செத்துச்சு?”

“பயந்து பின்னாடி நகர்ந்து பள்ளத்துல விழுந்துடுச்சுண்ணே.”

“பள்ளம் எப்போ வந்துச்சு?”

அன்றைக்கு முழுக்கச் சிரிப்புதான். ஆனால் அடுத்த மூன்று கோபோல்டுக்கும் மூன்று பள்ளம் தோண்ட என்னால் முடியவில்லை. அண்ணனின் எதிர்ப்பு எனக்கு அப்போது முழுதாகப் புரிந்தது. இந்த விதி முதல் முறை வேடிக்கை, ஐந்தாம் முறை வேலை.

அப்புறம் பத்து வருடம் ஓடியது. ஐந்தாம் பதிப்பு யாரும் எதிர்பாராத அளவுக்குப் பரவியது. 2022 ஆகஸ்டில் மறுபடி திருத்தம், மறுபடி பொதுப் பரிசோதனை. இந்த முறை கருத்துக் கணிப்பு ஒரு முறையான இயந்திரமாகவே ஆகிவிட்டது. அப்போது தலைமை வடிவமைப்பாளர்களில் ஒருவராக இருந்த ஜெரமி கிராஃபோர்ட் வீடியோக்களில் வெளிப்படையாகச் சொன்னார்: 70 சதவீதத்துக்கு மேல் திருப்தி கிடைத்தால் அந்த விதியைத் தொடர்ந்து வளர்ப்போம், 80-ஐத் தாண்டினால் ரொம்ப நல்லது, கீழே விழுந்தால் யோசிப்போம்.

முதல் தொகுப்பிலேயே ஒரு குண்டு. பகடையில் 20 விழுந்தால் இரட்டைச் சேதம் என்ற கிரிட்டிகல் அடியை ஆட்டக்காரர்களின் ஆயுத அடிக்கு மட்டும் என்று சுருக்கியிருந்தார்கள். மந்திரத்துக்குக் கிடையாது, அரக்கர்களுக்கும் கிடையாது. ஆரம்ப நிலையில் ஒரு கோப்ளினின் ஒற்றை 20 ஒரு புதிய பாத்திரத்தைத் தூக்கிவிடும் என்பதால் அதில் நியாயம் இருந்தது. ஆட்டக்காரர்களுக்குச் சாதகமான விதி, ஆனால் எதிர்த்தவர்கள் ஆட்டக்காரர்களே! ஆபத்து இல்லாத சண்டையில் என்ன இருக்கிறது என்றார்கள். டிஎம்கள் அதைவிடக் கோபமாக இருந்தார்கள்; திரைக்குப் பின்னால் 20 விழுவதைப் பார்த்து மெல்லச் சிரிப்பது எங்களுக்கு உள்ள சில சந்தோஷங்களில் ஒன்று. விரைவிலேயே வாபஸ்.

பிறகு ட்ரூயிட். மிருகமாக மாறும்போது கரடிக்கு ஒரு கணக்கு, கழுகுக்கு ஒரு கணக்கு என்று புத்தகம் புரட்டாமல், தரை விலங்கு, பறவை, நீர்விலங்கு என்று மூன்று பொது அச்சுகளைக் கொடுத்தார்கள். புதியவர்களுக்கு எவ்வளவோ சுலபம். ஆனால் ஓநாயும் யானையும் ஒரே எண்களா என்று சத்தம், அதுவும் வாபஸ். இதில் எனக்கு வருத்தம்தான். எண்களை இன்னும் கொஞ்சம் தாராளமாக்கி, ஓநாய்க்கு மோப்பம், கரடிக்குப் பிடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் சேர்த்து இரண்டாம் முறை காட்டியிருந்தால் தேறியிருக்கும் என்று இன்னமும் நினைக்கிறேன். 70 சதவீத வாசலில் நின்று பார்த்தால் அரைகுறையாக வந்த நல்ல யோசனையும் முழுதாக வந்த கெட்ட யோசனையும் ஒரே மாதிரிதான் தெரியும்.

2023 ஜனவரியில் நடந்தது விதிச் சண்டை இல்லை, உரிமச் சண்டை. ஆனால் அதைச் சொல்லாமல் பிற்பாடு வந்த எந்த எதிர்வினையும் புரியாது. 2000-லிருந்து இருந்த திறந்த உரிமத்தை ரத்துசெய்து, ஆண்டு வருமானம் 7,50,000 டாலரைத் தாண்டும் பதிப்பாளர்களிடம் கூடுதல் வருமானத்தில் 25 சதவீதம் வரை பங்கு கேட்கும் வரைவு கசிந்தது. மூன்று வாரம் ரணகளம். டிஜிட்டல் சந்தாவை ஆயிரக்கணக்கில் ரத்து செய்தார்கள். பைஸோ, தனக்கும் மற்றவர்களுக்கும் பொதுவான புது உரிமம் ஒன்றை எழுதப் போவதாக அறிவித்தது. விஸார்ட்ஸ் கருத்துக் கணிப்பு வைத்தது. பதில் சொன்ன 15,000 பேரில் 89 சதவீதம் பழைய உரிமத்தை ரத்து செய்வதில் அதிருப்தி. ஜனவரி 27 அன்று முழுதாகப் பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளைக் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டார்கள். இனி அதைத் திரும்ப வாங்க முடியாது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திருத்தத்தையும் ஆட்டக்காரர்கள் படிக்கும் விதம் மாறிவிட்டது. முன்னால் “இது ஆடுவதற்கு நன்றாக இருக்குமா?” என்றுதான் கேட்பார்கள். இப்போது “இதில் யாருக்கு என்ன லாபம்?” என்ற கேள்வி முந்திக்கொள்கிறது. 2024 ஆகஸ்டில் ஆட்டத்தின் அதிகாரபூர்வ இணையத் தளமான டி அண்ட் டி பியாண்டில் பாத்திரத் தாள்களிலுள்ள பழைய மந்திரங்களையும் மந்திரப் பொருட்களையும் புதிய வடிவத்துக்கு மாற்றிவிடுவோம் என்று அறிவித்தபோது இதை நேரடியாகப் பார்த்தேன். காசு கொடுத்து வாங்கியதை, நடந்துகொண்டிருக்கும் கதைக்கு நடுவில், கேட்காமல் மாற்றுவதா? நியாயமான கேள்வி. சில நாட்களிலேயே வாபஸ். பழையதும் இருக்கும், புதியதும் இருக்கும் என்றார்கள். அச்சுப் புத்தகக் காலத்தில் இந்தச் சண்டைக்கே வழி இல்லை. 2003-ல் 3.5 வந்தபோது, மூன்று வருடத்துக்குள் மறுபடி வாங்கச் சொல்கிறார்களே என்று திட்டினோம். ஆனால் அலமாரியில் இருந்த பழைய புத்தகத்துக்குள் யாரும் நுழைந்து அழித்து எழுதவில்லை.

சரி, கிரேஸுக்கு வருவோம். அது திரும்பி வந்தது 2023 ஏப்ரலில், ஐந்தாவது பரிசோதனைத் தொகுப்பில். ஆயுதத் தேர்ச்சி என்று ஒரு புதிய பகுதி. ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு குணம்: ஒன்று எதிரியைத் தள்ளும், ஒன்று வீழ்த்தும், ஒன்று வேகத்தைக் குறைக்கும். அந்தப் பட்டியலில் ஒரு வரியாகக் கிரேஸ். ரீப்பிங் ஸ்ட்ரைக்கின் பேரப்பிள்ளை.

அதே தொகுப்பில் வார்லாக் என்ற மந்திரவாதி வகுப்பின் மந்திர முறையை அடியோடு மாற்றியிருந்தார்கள். குறைந்த மந்திரங்கள், ஆனால் சின்ன ஓய்விலேயே திரும்பக் கிடைக்கும் என்ற அந்த வகுப்பின் தனி அடையாளத்தையே எடுத்துவிட்டு, வாளும் மந்திரமும் கலந்த பாலடினைப் போல அரை மந்திரவாதி ஆக்கியிருந்தார்கள். எல்லாரும் அங்கே ஓடினார்கள். ஒரு வகுப்பின் உயிரையே பறிக்கும்போது வாளின் பக்கத்தில் ஒரு வரியை யார் பார்ப்பது? வார்லாக்கைப் பிறகு பழையபடி திருப்பிக் கொடுத்தார்கள், அது சரியான முடிவு. அதற்குள் கிரேஸ் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

இதைத் தந்திரம் என்று நான் சொல்லவில்லை, அப்படித் திட்டமிட்டிருந்தால் வடிவமைப்பாளர்களைத் தேர்தலில் நிறுத்தலாம். வேறு காரணங்களும் உண்டு. 2012-ல் அது ஃபைட்டர் என்ற மனிதனின் திறமையாக வந்தது: நீ எவ்வளவு மோசமாக வீசினாலும் உனக்குத் தோல்வியே இல்லை என்று சொன்னது. 2023-ல் அது ஆயுதத்தின் குணம். ஐந்தடி நீள வாள், ஏந்தியவர் தவறவிட்டாலும் அதன் எடை எதையாவது உரசிக்கொண்டு போகும் என்று மனம் தானாகப் படம் போட்டுக்கொள்கிறது. வேண்டாம் என்றால் மால் என்ற பெரிய சுத்தியலை எடுக்கலாம், ஹால்பர்ட் என்ற நீளக் கோடரியை எடுக்கலாம். அத்தோடு, பத்து வருடமாக ஃபைட்டர் ஆடியவர்கள் “நான் அடிக்கிறேன், மறுபடி அடிக்கிறேன்” என்று மட்டும் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போயிருந்தார்கள். மந்திரவாதி நாலு பக்கம் மந்திரப் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது தங்கள் கையிலும் ஏதாவது இருக்கட்டும் என்று கேட்டவர்களுக்கு இது முதல் நல்ல பதில். 2012-ல் நான்காம் பதிப்பின் வாடை பட்டாலே மூக்கைப் பொத்திக்கொண்டவர்களில் பலர் அதற்குள் ஆட்டத்தை விட்டே போயிருந்தார்கள். புதிதாக வந்தவர்களுக்கு நான்காம் பதிப்பு என்றால் பெரியவர்கள் சொல்லும் பழைய பஞ்சாயத்து, அவ்வளவே.

ஒரு பதிப்பு அவமானப்பட்டுப் போனால் அதிலிருந்த நல்லவையும் சேர்ந்து கொஞ்ச காலம் தலைமறைவாக இருக்க வேண்டியிருக்கிறது.

2024 புத்தகத்தில் எல்லாம் இனிப்பு என்று நினைக்க வேண்டாம். பாலடின் தன் வெட்டோடு சேர்க்கும் கூடுதல் சேதமான டிவைன் ஸ்மைட் இப்போது ஒரு மந்திரம், ஒரு முறைக்கு ஒன்றுதான், போனஸ் ஆக்‌ஷனும் செலவு. முன்பு ஒரே முறையில் இரண்டு மூன்று ஸ்மைட்டை அடுக்கி டிராகனைச் சாய்த்தவர்கள் அழுதார்கள். டிஎம் என்ற முறையில் நான் அழவில்லை. காட்டு வேட்டைக்காரரான ரேஞ்சர் கதைதான் பரிதாபம். 2014-ல் யாருக்கும் பிடிக்கவில்லை, 2016-ல் ஒரு திருத்திய ரேஞ்சரைப் பரிசோதித்தார்கள், 2020-ல் டாஷா என்ற மந்திரவாதியின் பெயரில் வந்த துணைப் புத்தகத்தில் மாற்றுத் திறன்கள் கொடுத்தார்கள், 2024-ல் மொத்தத்தையும் ஹண்டர்ஸ் மார்க் என்ற ஒரே மந்திரத்தின் மேல் கட்டினார்கள். இருபதாம் நிலையில், வருடக்கணக்கில் ஆடிய பிறகு கிடைக்கும் உச்சப் பரிசு: அந்த மந்திரத்தின் ஆறுமுகப் பகடை பத்துமுகப் பகடையாகும். சராசரியாக இரண்டு சேதம் கூடும். இந்த ஒரு விஷயத்தில் உலகத்து ரேஞ்சர்கள் அனைவரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். எங்கள் ரேஞ்சர் அந்த வரியைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ரோக் என்ற வேறு வகுப்புக்கு மாறிவிட்டார்.

படித்துவிட்டு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கணிப்புகளில் கருத்துச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் அந்த விதியை உண்மையில் மேசையில் ஆடிப் பார்த்திருப்பார்கள் என்று எனக்கு எப்போதும் சந்தேகம். தொகுப்பு வந்து, படித்து, பதில் போடக் கொஞ்ச வாரம்தான். நடந்துகொண்டிருக்கும் கதையை நிறுத்திவிட்டுப் புது விதியைச் சோதிக்கும் குழு அபூர்வம். படிக்கும்போது கெட்டதாகத் தெரிவது ஆடும்போது ஒன்றுமில்லாமல் போகும். ஆயுதத் தேர்ச்சியில் எதிரியை வீழ்த்தும் ‘டாப்பிள்’ மாதிரி, படிக்கும்போது அருமையாகத் தெரிவது ஆடும்போது தொல்லையாகும்: வீரர் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் எதிரி விழுகிறானா என்று இன்னொரு உருட்டல், நாலு அடிக்கு நாலு உருட்டல், மற்றவர்கள் கொட்டாவி. இதைப் பரிசோதனைக் காலத்தில் புகழ்ந்தவர்களே இப்போது முனகுகிறார்கள்.

நாங்கள் தெருவில் கிரிக்கெட் ஆடியபோது ஒன் பிட்ச் கேட்ச் அவுட், நேராக மாடி வீட்டுக்குள் போனால் அவுட் என்று ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சட்டம் இருந்தது. யாரும் கிரிக்கெட் சட்டம் எழுதும் எம்சிசிக்குக் கடிதம் போடவில்லை. இந்த ஆட்டத்திலும் கடைசியில் அதுதான் நடக்கிறது. எங்கள் மேசையில் இப்போது 2024 விதிகள். ஸ்மைட் புதியபடி. மறைந்துகொள்ளும் விதி மட்டும் 2014-ஐப் போல, ஏனென்றால் புதியதை மூன்று பேர் மூன்று விதமாகப் படித்தோம். கிரிட்டிகல் அடி அரக்கர்களுக்கும் உண்டு, நான் விடமாட்டேன்.

கிரேஸ் விஷயத்தில் அண்ணனோடு நீண்ட பேச்சுவார்த்தை. வேண்டவே வேண்டாம் என்றார். கிளேவ் வைத்திருக்கும் பையன், குழுவிலேயே இளையவன், 2012 சண்டையெல்லாம் தெரியாதவன், “அண்ணே, மூணே மூணு சேதம்ண்ணே” என்றான். ஒரு சமரசத்துக்கு வந்தோம்: கிரேஸ் சேதம் உண்டு, ஆனால் அதனால் யாரும் சாகக் கூடாது, ஒரு ஹிட் பாயிண்டில் நின்றுவிட வேண்டும். கொல்ல வேண்டும் என்றால் உண்மையிலேயே அடிக்க வேண்டும். அண்ணன் சரி என்றார். போன ஆட்டத்தில் ஓர் ஓகர் இப்படி ஒற்றை ஹிட் பாயிண்டில் தள்ளாடி நின்று, அடுத்த முறையில் 20 உருட்டி அண்ணனின் பாத்திரமான கிளெரிக்கைப் படுக்க வைத்தது. இப்போது அந்தத் திருத்தத்தைத் திருத்த வேண்டும் என்று அண்ணனே மனு போட்டிருக்கிறார்.